ஷூவுக்குள் செய்தித்தாள்

முகமூடி கழன்று தார்ச்சாலையில் விழுகிறது. எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்த்ததும் கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ரோஜர்ஸின் கை தாழ்ந்துவிடுகிறது. 2014இல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: த விண்டர் சோல்ஜர்’ படத்தில் வாஷிங்டன் தெருவொன்றில் நடக்கும் சண்டையின் முடிவு இது. அதுவரை கத்தியும் கேடயமும் உலோகக் கையும் மோதும் இரைச்சல்தான். பிறகு சட்டென்று ஒரு பெயர், கேள்வியாக. ஆல்ப்ஸ் மலையில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து செத்துப்போனான் என்று நம்பியிருந்த நண்பன் பக்கி பார்ன்ஸ், எழுபது வருடம் கழித்து எதிரில் நிற்கிறான். அந்தப் பெயர் யாருடையது என்றே அவனுக்குத் தெரியவில்லை. இந்தக் கணத்தைக் காதல் என்று படித்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். இருவரின் பெயரையும் கலந்து ‘ஸ்டக்கி’ என்று ஜோடிப்பெயர் வைத்து, நாவல் நீளத்துக்குக் கதைகள் எழுதியிருக்கிறார்கள், ஓவியம் வரைந்திருக்கிறார்கள், காட்சிகளை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் விடையால் எனக்குத் தொந்தரவு ஒன்றுமில்லை. அந்த முகத்தில் தெரிவது நட்புதான் என்று அடித்துச் சொல்லிவிட எனக்குள் எழும் அவசரம்தான் தொந்தரவாக இருக்கிறது. எதைக் காப்பாற்ற இந்த அவசரம்? நட்பையா, நாயகனையா, என்னையா?

இரண்டு வருடம் கழித்து வந்த ‘சிவில் வார்’ படத்தில் ஒரு சின்ன இடம். பிறர் சொல்லுக்கு இயங்கும் கொலைக்கருவியாக்கப்பட்டிருந்த பக்கி மயக்கம் தெளிந்து விழிக்கிறான். உலோகக் கை ஒரு பெரிய இரும்பு அழுத்தியில் சிக்கவைக்கப்பட்டிருக்கிறது. விழித்திருப்பது நண்பனா கருவியா என்று ஸ்டீவுக்குத் தெரிந்தாக வேண்டும். பக்கி இரண்டு விஷயம் சொல்கிறான். உன் அம்மா பெயர் சாரா. நீ ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு நடப்பாய். அவ்வளவுதான் அத்தாட்சி. அளவு பெரிய ஷூவா, அடி தேய்ந்து ஓட்டை விழுந்ததா, கொஞ்சம் உயரமாகத் தெரியவேண்டும் என்ற ஆசையா, படம் சொல்வதில்லை. மழை நாளில் அந்தத் தாள் ஊறிக் கூழாகியிருக்கும், விரலிடுக்கில் அச்சு மை ஒட்டியிருக்கும் என்பதெல்லாம் நாமாகப் போட்டுக்கொள்வது. ஒருவன் கேடயத்தை வீசி எறிந்து திரும்பக் கையில் பிடிப்பவன், இன்னொருவன் ஓடும் காரின் ஸ்டியரிங்கை முன்கண்ணாடி வழியாகப் பிடுங்கி எறிபவன். இந்த இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வது ஓர் ஏழைப் பையனின் ஷூவை வைத்துத்தான். ஆஸ்துமாவும் ஒல்லி உடம்பும் கொண்ட அந்த புரூக்ளின் பையனை ஒரு மருந்து நாயகனாக்கிவிட்டது. அதன்பின் உலகம் பார்ப்பது மருந்து செய்த உடம்பைத்தான். அதற்கு முன்னால் இருந்தவனுக்கு உயிரோடிருக்கும் சாட்சி யார்? அவன் காதலித்த பெக்கி கார்ட்டர் அவனை மெலிந்தவனாகப் பார்த்திருக்கிறாள், உண்மைதான். ஆனால் அது ராணுவ முகாமில் பார்த்த பழக்கம். பள்ளிக்கூட வயதிலிருந்து பார்த்தவன் ஒருவனே. வலிமை வருவதற்கு முன் நம்மைத் தெரிந்துவைத்திருந்தவரின் முன்னால் மட்டும்தான் வலிமையைக் கழற்றிவைக்க முடியும் என்று நினைக்கிறேன். ரசிகர்கள் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். உடம்பைப் பற்றியும் ஏராளமாக எழுதுகிறார்கள், கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள். ஆனாலும் நான் படித்தவற்றில் தங்கிப்போனவை, இரவு மூன்று மணிக்குச் சமையலறையில் நின்றுகொண்டு ஒருவன் இன்னொருவனுக்கு அவனுடைய பழைய தெருவின் பெயரை எடுத்துக்கொடுக்கும் இடங்கள்.

1941 மார்ச் தேதியிட்டு வந்த முதல் காமிக்ஸ் இதழில் இந்தப் பாலிய சிநேகம் கிடையாது. ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் படைத்த பக்கி, ராணுவ முகாமில் செல்லமாகச் சுற்றித் திரியும் ஒரு சிறுவன். கூடாரத்துக்குள் திடீரென்று நுழைகிறவன், ஸ்டீவ் உடை மாற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிடுகிறான். ரகசியம் தெரிந்துவிட்டதால் அவனையே கூட்டாளியாக்கிக்கொள்ள வேண்டியதாகிறது. அட்டையில் ஹிட்லரின் தாடையில் குத்து, உள்ளே கூடாரத்தில் இப்படி ஒரு தொடக்கம். 1964இல் கேப்டன் அமெரிக்கா பனியிலிருந்து மீட்கப்பட்டபோது பக்கி இறந்துவிட்டான் என்று எழுதினார்கள். காமிக்ஸில் யாரும் நிரந்தரமாகச் சாவதில்லை, பக்கி மட்டும் விதிவிலக்கு என்று வாசகர்கள் கேலியாகச் சொல்லுமளவுக்கு அந்தச் சாவு நிலைத்தது. எட் புரூபேக்கரும் ஸ்டீவ் எப்டிங்கும் 2005இல் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாற்பது வருடத் துக்கத்துக்குப் பிறகு திரும்பி வந்தவனை வாசகர்கள் வெறும் பக்கத்துணையாகப் பார்க்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

சூப்பர் ஹீரோ கதையைத் தமிழ் வாசகன் வகைப்படுத்தச் சொன்னால் யோசிக்காமல் புறம் என்றுதான் சொல்வான். பெயர் உண்டு, கொடி உண்டு, ஊர் உண்டு, பகை உண்டு, மார்பில் அடையாளச் சின்னம் உண்டு. அகத்துக்குப் பெயர் ஆகாது. காதலிப்பவர்களைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வைத்த கட்டு. நெடுநல்வாடையைப் பற்றிய பழைய சர்ச்சை இங்கே நினைவுக்கு வருகிறது. வாடைக் காற்று வீசும் நள்ளிரவில் அரசி அரண்மனைக் கட்டிலில் தூங்காமல் கிடக்கிறாள். அரசன் பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்த்தபடி நடக்கிறான். எல்லா விதத்திலும் அகப்பாட்டு. ஆனால் வேலின் தலையில் கட்டியிருந்த வேம்பு பாண்டியனின் அடையாளம் என்பதால் அதைப் புறத்தில் சேர்த்தார் நச்சினார்க்கினியர். ஒரு கொத்து வேப்பிலை ஒரு பெண்ணின் இரவு முழுவதையும் இடம் மாற்றிவிட்டது. ரசிகர்கள் செய்வது இதன் தலைகீழ் வேலை. வேலிலிருந்து வேம்பை அவிழ்க்கிறார்கள். கேடயத்தை எடுத்துவிட்டு இருவரையும் ஒரு காபிக்கடையில் வேலைக்கு வைக்கும் கதைகள் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. துறைகளும் இருக்கின்றன. 2009 முதல் இயங்கும் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற லாப நோக்கற்ற ரசிகர் புனைவுக் களஞ்சியத்தில் ஒவ்வொரு கதையின் தலையிலும் அதன் நிலைமை குறிக்கப்பட்டிருக்கும். காயம்பட்டவனைத் தேற்றுதல், சொல்லாமல் ஏங்குதல், விடுதி அறையில் ஒரே கட்டில், மெல்ல மெல்லக் கனிதல். இக்குறிப்புகளை ஒழுங்குபடுத்துவதற்கென்றே தன்னார்வலர்கள் உழைக்கிறார்கள். தோழி தலைவிக்குச் சொன்னது, தலைவன் தன் நெஞ்சுக்குச் சொன்னது என்று பாட்டின் அடியில் குறிப்பு எழுதிவைத்த நம் பழைய தொகுப்பாளர்களுக்கு இந்த வேலை புரிந்திருக்கும். என்ன நடக்கும் என்று தெரிந்தே படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதே ஒரே கட்டில், இம்முறை எப்படி? ரொம்பவும் தூக்கி நிறுத்துகிறேனோ என்று சந்தேகம் வராமலில்லை. அந்தக் களஞ்சியத்தில் பெரும்பகுதி சாதாரண எழுத்துதான், சில படிக்கவே முடியாதவை. ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. ஸ்டார் டிரெக்கின் கர்க், ஸ்பாக் இருவரையும் காதலர்களாக வைத்து முதலில் அச்சேறியதாகச் சொல்லப்படும் சிறுகதை 1974இல் ‘க்ரப்’ என்ற ரசிகர் இதழில் வந்தது. டயான் மார்ச்சண்ட் எழுதிய அந்தச் சின்னக் கதையில் இருவரின் பெயருமே இல்லை. பயத்தினால் மறைத்தாரா, நாகரிகத்தினால் மறைத்தாரா தெரியாது. பெயரில்லாமலேயே வாசகர்களுக்குப் புரிந்துவிட்டது.

இரண்டு ஆண்களின் காதலை ஏன் பெண்கள் இவ்வளவு ஈடுபாட்டோடு எழுதுகிறார்கள் என்ற கேள்வியை அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஜோனா ரஸ் 1985இல் ஒரு கட்டுரையில் நேராகவே எதிர்கொண்டார். அவர் சொன்னதன் சாரம், ஆண் பெண் என்ற ஏற்றத்தாழ்வின் பாரமில்லாமல் இரு சமமானவர்கள் ஒருவரிடம் ஒருவர் தோற்றுப்போவதைப் பெண்கள் அங்கே கற்பனை செய்துபார்க்க முடிந்தது என்பது. எழுதுகிறவர்கள் எல்லோரும் பெண்கள் இல்லை, தற்பாலீர்ப்புள்ள இளைஞர்களும் பால் எல்லைகளுக்குள் அடங்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் ரஸ் சொன்னது இன்னும் பழசாகவில்லை. இதோடு சேர்த்துக்கொள்ள என்னிடம் ஒரு சாதாரணக் காரணம் இருக்கிறது. திரைக்கதை யாருக்கு நேரம் கொடுத்தது? நீண்ட பார்வை, நினைவில் மீளும் பழைய காட்சி, திரும்பவரும் ஒரு வாக்குறுதி, அடி வாங்கிக்கொண்டே கையைக் கீழே போடுவது எல்லாம் நண்பனுக்குப் போயிற்று. ‘சிவில் வார்’ படத்தில் ஸ்டீவுக்கு ஒரு முத்தமும் உண்டு. இறந்துபோன பெக்கியின் உறவுப்பெண் ஷாரனும் அவனும் ஒரு பாலத்தடியில் முத்தமிட்டுக்கொள்கிறார்கள், படிவத்தில் விடுபட்ட கட்டத்தை நிரப்புவதுபோல. பக்கியும் ஸ்டீவின் இன்னொரு நண்பன் சாமும் ஒரு சின்னக் காருக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதே படத்தில் பக்கி தப்பிப்போகாமலிருக்க, மேலெழும் ஹெலிகாப்டரை ஸ்டீவ் ஒரு கையால் இழுத்துப்பிடித்து நிறுத்துகிறான். கழுத்து நரம்பு புடைக்க, ஒருவன் போய்விடக் கூடாது என்பதற்காக மட்டும். எந்தக் காட்சியில் காதல் இருக்கிறது என்று ரசிகர்களிடம் கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்? பெண் பாத்திரத்துக்கு நான்கு நல்ல காட்சிகள் எழுதச் சோம்பல்பட்டவர்கள், காதல் வேறு பக்கம் போய்விட்டதே என்று வியப்பது வேடிக்கை.

இந்த வாசிப்பை முதலில் அச்சில் பெரிதாக முன்வைத்தவர் ரசிகர் அல்லர், எதிரி. ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர் 1954இல் வெளியிட்ட புத்தகத்தில் பேட்மேன், ராபின் இருவரின் வீட்டைப் பார்த்துக் கவலைப்பட்டார். ஆடம்பரமான மாளிகை, பெரிய ஜாடிகளில் அழகழகான பூக்கள், பணிவிடைக்கு ஒரு பட்லர். இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழும் கனவு இது என்றார். பூக்களைக் கவனித்தாரே, அதற்காக ஒரு ரசிகருக்குரிய கண் அவருக்கு இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. அவரை வெறும் வில்லனாக்கவும் மனம் வரவில்லை. நியூயார்க்கின் ஹார்லெமில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக மனநல மருத்துவமனை நடத்தியவர் அவர். ஆனால் அதே ஆண்டு வந்த காமிக்ஸ் தணிக்கை விதிகள் ஒரு தலைமுறைக்குக் கதைகளின் கையைக் கட்டிப்போட்டன. 1956இல் பேட்வுமன் வந்தாள், 1964இல் மாளிகையில் ஓர் அத்தை குடியேற்றப்பட்டாள். வீட்டில் பெண்கள் நடமாடினால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்ற கணக்கு அதில் இருந்ததாகப் பரவலாகச் சொல்வார்கள். 2012இல் கேரல் டில்லி என்ற ஆய்வாளர் வெர்தமின் கையெழுத்துக் குறிப்புகளை ஆராய்ந்து, தன் முடிவுக்கு ஏற்றபடி அவர் சாட்சியங்களைத் திருத்தியிருந்ததைக் காட்டினார். பேட்மேன் பகுதியில் பேசும் ஓர் இளைஞர் உண்மையில் இருவர், அவர்கள் காதலர்கள். தங்கள் கற்பனைக்கு டார்ஜானும் சப்-மரினரும்தான் அதிகம் உதவினார்கள் என்று அவர்கள் சொன்னதை மருத்துவர் விட்டுவிட்டார். கதை எந்த ஜோடியை நீட்டினாலும் வாசகர் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல பழைய சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

நிறுவனங்களுக்குக் காதல் தேவைதான், அது நிலைப்பது தேவையில்லை. ஸ்பைடர்மேனுக்கும் மேரி ஜேனுக்கும் 1987இல் கல்யாணம் நடத்தினார்கள். நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் வேடமிட்ட நடிகர்களை நிறுத்தி, ஸ்டான் லீயே சடங்கு செய்துவைத்தார். இருபது வருடம் கழித்து, 2007இல், ஒரு பிசாசுடன் பேரம் பேசி அந்தக் கல்யாணம் நடக்காததாக்கப்பட்டது. சாகக்கிடக்கும் அத்தையின் உயிருக்கு ஈடாகத் தாலியைக் கொடுத்ததுபோல என்று நாம் புரிந்துகொள்ளலாம். பேட்மேனும் கேட்வுமனும் 1940 முதல் ஒருவரையொருவர் துரத்துகிறார்கள். 2018இல் திருமணச் சிறப்பிதழ் என்று விளம்பரப்படுத்திய ஐம்பதாம் இதழில் மணமகள் வரவில்லை. 2013இல் பேட்வுமனின் திருமணத்துக்கு நிறுவனம் அனுமதி மறுத்தபோது அதன் படைப்பாளிகள் வெளியேறினார்கள். நாயகர்கள் சந்தோஷமான சொந்த வாழ்க்கை வாழக் கூடாது என்பதே அன்றைய ஆசிரியத் தலைமையின் விளக்கம். மாதாமாதம் விற்க வேண்டிய உடல்களுக்கு வயதாகக் கூடாது, வீடு அமையக் கூடாது, எதுவும் முடியக் கூடாது. ரசிகர் புனைவில் நரை வரும் கதைகளும் மூட்டுவலிக் கதைகளும் ஏன் இத்தனை என்பது இந்தக் கணக்கைப் பார்த்தபின்தான் எனக்குப் புரிந்தது. சில வேளை கதவு திறந்தும் இருக்கிறது. 1993இல் ஒரு கார்ட்டூன் அத்தியாயத்தில் ஜோக்கரால் துரத்தப்பட்ட ஹார்லி குவின், பாய்சன் ஐவியின் வீட்டில் அடைக்கலமானாள். அன்றிலிருந்து ரசிகர்கள் சொல்லிவந்ததைக் கடைசியில் உரிமையாளர்களே ஏற்றுக்கொண்டார்கள்; 2020இல் ஹார்லியின் பெயரிலான கார்ட்டூன் தொடரில் இருவரும் ஜோடியானார்கள். வில்லிகளுக்குக் கிடைத்த சுதந்திரம் நட்சத்திரம் பதித்த கேடயக்காரனுக்குக் கிடைக்காது. கேப்டன் அமெரிக்காவுக்கு ஒரு காதலனைக் கொடுங்கள் என்று 2016இல் ட்விட்டரில் எழுந்த கோரிக்கை எங்கும் போய்ச் சேரவில்லை.

நட்புக்கு இதில் அநியாயம் நடக்கிறதா? கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, தான் ஒருமுறைகூடப் பார்த்திராத பிசிராந்தையாருக்கு இடம் ஒதுக்கிவைக்கச் சொன்னான். அவரும் வந்தார், பக்கத்தில் இருந்து உயிர்விட்டார். அந்த உறவுக்கு வேறு பெயர் தேடவேண்டும் என்று புறநானூற்றைத் தொகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. நட்புக்கு அத்தனை எடை இருந்த ஓர் உலகம் அது. ஹாலிவுட்டில் இரண்டு ஆண்கள் ஒருவருக்காக ஒருவர் உலகத்தையே எதிர்க்கலாம், தோளில் கைபோட்டு அழுவதற்கு மட்டும் ஒருவன் சாகக்கிடக்க வேண்டும். நட்பு அங்கே இப்படி மெலிந்துகிடப்பதால் பெரிய உணர்ச்சிக்கெல்லாம் காதல் என்ற ஒரே ஆடைதான் மிச்சமிருக்கிறது என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. மறுபக்கம், இந்த வாதம் எனக்கு வசதியாக இருப்பதே சந்தேகமாகவும் இருக்கிறது. ஆணும் பெண்ணும் திரையில் இதே வேகத்தில் ஒருவரையொருவர் பார்த்தால் நட்பின் மாண்பைக் காப்பாற்ற நாம் யாரும் ஓடிவருவதில்லை. தன்னைப்போன்ற ஒருவனை எந்தப் படத்திலும் கண்டிராத ஒரு பையன் அந்த ஹெலிகாப்டர் காட்சியில் தன்னைக் கண்டுகொண்டால், எனக்கு என்ன குறைந்துவிட்டது?

ரசிகர்களின் பக்கமும் எல்லாம் களங்கமற்றது என்று சொல்ல வரவில்லை. ஸ்டீவ் வேட்டையாடப்பட்டபோது கேள்வி கேட்காமல் வீட்டுக்கதவைத் திறந்துவிட்டவன் சாம் வில்சன். மருந்தின் பலம் இல்லாமல் அவன் கூடவே பறந்தவன், சிறைக்குப் போனவன். சாம் கறுப்பன். அவனை ஸ்டீவோடு சேர்த்து எழுதிய கதைகள் பக்கி கதைகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. காதல் திரைக்கதை நேரம் ஒதுக்கிய இடத்துக்குப் போகிறது என்று மேலே சொன்னேன். ஆனால் சில படங்களில் நேரம் ஒதுக்கிய பிறகும் போவதில்லை. ரசிகர் உலகின் இந்தக் குருட்டுப் பகுதியைப் பற்றி ருக்மிணி பாண்டே 2018இல் ஒரு புத்தகமே எழுதினார். யாருடைய துக்கம் நமக்கு அழகாகத் தெரிகிறது என்பதில் நிறமும் சேர்ந்துகொள்கிறது. ஸ்டக்கி கதைகளைப் படிக்கும்போது சாம் எங்கே நிற்கிறான் என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அறிவுரை சொல்லிக்கொண்டு, காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு, ஓரமாக.

2019இல் ‘எண்ட்கேம்’ வந்தது. ஸ்டீவ் கடந்த காலத்துக்குப் போய், பெக்கியோடு வாழ்ந்துவிட்டு, கிழவனாக ஏரிக்கரை பெஞ்சில் வந்து உட்காருகிறான். பொதுவான பார்வையாளர்களுக்கு அது நிறைவான முடிவு. ஸ்டக்கி ரசிகர்கள் கொதித்தார்கள், காதல் கைகூடாத ஏமாற்றம் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன், அவர்கள் கேட்டதைப் படிக்காமல் இருந்திருந்தால். பெக்கியோடு அவன் நடனமாடும் அந்த 1940களில் பக்கி உயிரோடு இருக்கிறான். எதிரிகளின் கையில், நினைவு துடைக்கப்பட்டு, தேவைப்படும்போது எழுப்பிக் கொலைக்கு அனுப்பப்பட்டு, மீண்டும் உறையவைக்கப்பட்டு. எங்கே, எதற்கு என்று ஸ்டீவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் முட்டை பொரித்துக்கொண்டே அத்தனை வருடங்களும் அவன் அதைத் தெரிந்துவைத்திருந்தானா? போய் மீட்டானா? மீட்டிருந்தால் நாம் பார்த்த படங்கள் நடந்திருக்காது. மீட்கவில்லையென்றால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் யார்? அது வேறொரு கிளைக் காலம் என்றார்கள் இயக்குநர்கள் ரூஸோ சகோதரர்கள். இல்லை, இதே காலம்தான் என்ற பக்கம் சாய்ந்து பேசினார்கள் திரைக்கதை எழுதிய மார்க்கஸும் மக்ஃபீலியும். அவர்களுக்குள்ளேயே முடிவாகாத அந்தக் கேள்விக்கு ரசிகர்கள் நூற்றுக்கணக்கான கதைகளில் விடை எழுதிப்பார்த்துவிட்டார்கள். பலவற்றில் ஸ்டீவ் திரும்பிப்போன முதல் வாரமே பக்கியைத் தேடிக் கிளம்பிவிடுகிறான். சிலவற்றில் பெட்டியைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவைப்பதே பெக்கிதான்.